பாட்டு வகுப்புக்குப் போன கமிஷனர்

புதிதாகக் கருப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக் கோர்ட்டுக்கு வந்துபோகும் தம்பிகளே, தங்கைகளே, போன வாரம் நீங்கள் என்னைப் பார் ரூமுக்குக் கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுத்து, "சார், நீங்க நடத்துன கேஸ் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நானும் வெகுநேரம் பேசினேன். அதில் முக்கால்வாசி கோயில் கல்வெட்டைப் பற்றியே. பாதிப் பேர் மேஜைக்கு அடியில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். கோபம் வந்தது, மறைக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து புலம்பியபோது என் மனைவி, "அவுக கேஸைக் கேட்டாக, நீங்க கல்வெட்டைச் சொன்னீக. இதுல தப்பு யாரு மேல?" என்றாள். ஆகவே கல்வெட்டை மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டு, நீங்கள் கேட்ட கேஸை எழுதித் தருகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலில் இருந்தபோது வார நாட்களில் கோர்ட்டு. சனி, ஞாயிறுகளில் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சட்ட மாணவர்களுக்குப் பாடம். இடையில் கிடைத்த பொழுதில் திருச்சுழி, பரளச்சிப் பக்கமெல்லாம் சுற்றி, கோயில் சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு கல்வெட்டுப் படிப்பது. வீட்டில் வீணை. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு கேள்விப்பட்டிருக்கேன். உனக்கு ரெண்டு கால் பத்தாதுடா" என்று என் சீனியர் கேலி செய்வார். அவர் சொன்னது சரிதான். எதிலும் நான் முதல் வரிசை ஆள் இல்லை. ஆனால் நாலும் சேர்ந்து என்னைச் சந்தோஷமாக வைத்திருந்தன. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறேன்.

நான் வக்கீல் தொழிலை விட்டுக் கோட்டைக் கழற்றி வைப்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால் தமயந்தி டீச்சர் என் ஆபீசுக்கு வந்தார். பந்தல்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கழுத்தில் தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். கட்டி போனது, கூடவே குரலும் போய்விட்டது. பேசினால் வெறும் காற்றுதான் வரும். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதைக் கொடுத்தால்தான் புரியும். பள்ளி நிர்வாகம் சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தகுதி இழந்துவிட்டார் என்று வேலையை விட்டு நீக்கி உத்தரவு போட்டிருந்தது.

"வேலை போனா நான் தையல் மிஷின் போட்டாவது பிழைச்சிக்கிருவேன் சார்" என்றார் அந்தக் காற்றுக் குரலில். "ஆனா சொல்லிக் குடுக்கத் தெரியாதவன்னு எழுதி அனுப்புறாக பாருங்க, அது பொய். அந்தப் பொய்யோட என்னால வீட்டுல உக்காந்திருக்க முடியாது."

இந்த மாதிரி ஆசிரியர் முறையீடுகளைக் கேட்கும் பொறுப்பும் அப்போது நம் கோர்ட்டு நீதிபதியிடமே இருந்தது. முறையீட்டைப் போட்டு, முடிவு தெரியும்வரை டீச்சர் வகுப்பு எடுக்கலாம் என்று ஓர் இடைக்கால உத்தரவும் வாங்கிவிட்டேன். ஒன்று சொல்லவேண்டும். பள்ளியின் செயலாளர் கெட்டவர் இல்லை. பைப்பு, மோட்டார் கடை வைத்திருக்கும் மனிதர். கோர்ட்டு வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவரே வந்து பேசினார். "அவுக நல்ல டீச்சர்தான் சார், நான் இல்லைங்கல. ஆனா பிள்ளைகளப் பெத்தவுக வந்து கேக்குறாகளே. குரல் இல்லாத பாட்டு டீச்சரை வச்சு நான் என்ன செய்ய? டயர் இல்லாத லாரியை ரோட்டுல நிப்பாட்டுன மாதிரி இருக்கு." அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எதிராளி நியாயமான ஆளாக இருந்தால் கேஸ் கஷ்டமாகிவிடும்.

வாதத்துக்கு நான் தயாரானதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இப்படி ஒரு வழக்கு எனக்காகவே வந்தது என்று நினைத்தேன். சட்டம், கல்வி, சரித்திரம், சங்கீதம் நான்கும் ஒரே கட்டுக்குள். அந்தக் காலத்துக் கோயில்களில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு நிலம் விட்ட செய்தி தொடங்கி, வயதாகிக் குரல் தளர்ந்தவர்களையும் ஊர் எப்படி வைத்துக்கொண்டது என்பது வரை எல்லாவற்றையும் தேடித் தொகுத்தேன். நீதிபதி முன்னால் நின்று மடை திறந்த மாதிரி பேசினேன். எனக்கே மெய்சிலிர்த்தது. நீதிபதி ஐயா மரியாதையாகக் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

"சரித்திரம் நல்லா இருக்கு. சாவகாசமா இருக்கும்போது இன்னும் கேட்டுக்கிறேன். உங்க கட்சிக்காரர் பாடுவாங்களா, மாட்டாங்களா?"

"பாட முடியாதுங்க ஐயா" என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் என் நண்பர், குறுக்கு விசாரணையில் புலி. அவர் எழுந்து, "எங்க கேஸ் அவ்வளவுதாங்க ஐயா" என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பல நாள் உழைப்பை ஒரு வரி சாப்பிட்டுவிட்டது. வழக்கு மறுவாய்தாவுக்குப் போனது.

வெளியே டீக்கடை ஓரமாக டீச்சரும் நானும் நின்றோம். அவருக்கு என் மேல் வருத்தம் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. நான்தான் அந்த நீதிபதிக்கு ரசனை இல்லை, இந்த ஊருக்கே ரசனை இல்லை என்று பொரிந்து தள்ளினேன். டீச்சர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் காதருகே வந்து சொன்னார்: "எல்லாரும் என் தொண்டையைப் பத்தியே பேசுறீக சார். என் கிளாஸை இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து பாக்கலை."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்து வழக்குகள் எல்லாம் வரப்பு, கிணறு, கண்மாய்க் கரை, வண்டிப்பாதை. அதில் ஒரு கேஸ் வந்தால் நாம் முதலில் என்ன செய்வோம்? நேரில் பார்த்து அளந்து அறிக்கை கொடுக்க ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போடச் சொல்லி மனுப் போடுவோம். "வரப்பைப் பாக்காம வரப்பு வழக்கு நடத்துறவன் வக்கீல் இல்ல, வாய்வீச்சுக்காரன்" என்பார் என் சீனியர். ஒரு முழ வரப்புக்குக் கமிஷனர் போடச் சொல்பவன், ஒரு டீச்சரின் பிழைப்புக்குக் கேட்கவில்லை. மறுநாளே மனுப் போட்டேன். பாட்டு வகுப்பை நேரில் பார்த்து அறிக்கை தரக் கமிஷனர் வேண்டும்.

பார் ரூமில் ஒரே சிரிப்பு. "சங்கீதத்தை டேப்பு வச்சு அளக்கப் போறாகளாம்லே" என்று ஒருவர். "நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவுன்னு எழுதணும்ல" என்று இன்னொருவர். நான் முறைத்துக்கொண்டே பேப்பர் படித்தேன். எரிச்சல்தான், ஆனால் அந்த மனு சரியானது என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

மனு விசாரணைக்கு வந்த அன்று எதிர்த்தரப்பு நண்பர் எழுந்தார். "கமிஷனர் போடுறதுல ஆட்சேபணை இல்லைங்க ஐயா. ஆனா இந்த வட்டாரத்துல சங்கீதம் தெரிஞ்ச வக்கீல்னா எல்லாரும் நம்ம சாரோட சிநேகிதர்களா இருப்பாங்க. அதனால சங்கீதமே தெரியாத ஒருத்தரைப் போடணும்." நீதிபதி ஐயாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கமிஷனராக முத்துப்பாண்டி என்ற இளம் வக்கீல் நியமிக்கப்பட்டான்.

முத்துப்பாண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். பரளச்சிக்காரன். மிளகாய்ச் சாகுபடிக் குடும்பம். நாலைந்து வருடத் தொழிலில் அவன் அளக்காத வரப்பு அந்தப் பக்கம் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுவான் என்று பெயர். உத்தரவு வாங்கியதும் நேரே என்னிடம் வந்தான். "சார், எனக்குச் சங்கீதம்னா என்னான்னே தெரியாது. திருவிழாவுல கொட்டுச் சத்தம் கேட்டா சாமி எந்தத் தெருவுல வருதுன்னு மட்டும் சொல்லுவேன். நான் போயி என்னத்தைப் பாக்க?"

ராகம் தெரியாது, தாளம் தெரியாது, சுருதி தெரியாது. இவன் எழுதப்போகும் அறிக்கையில் ஒரு பெண்ணின் வேலை இருக்கிறது. உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்த நாக்கு துடித்தது. கட்டுப்படுத்திக்கொண்டேன். கமிஷனருக்கு நாம் பாடம் எடுக்கக்கூடாது, அது தப்பு. "வரப்பை எப்படிப் பாப்பியோ அப்படியே பாரு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வகுப்பைப் பார்க்க இரு தரப்பு வக்கீல்களும் கூடப் போகலாம் என்று உத்தரவில் இருந்தது. நண்பர், "நீங்க வந்தா நீங்களே பாடிக் காமிச்சிருவீக, நானும் வரலை, நீங்களும் வராதீக" என்றார். சரி என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் வீணையைத் தொட்டால் விரல் ஒத்துழைக்கவில்லை.

அறிக்கை வந்தது. கண்மாய்க் கரை அறிக்கை எழுதுகிற அதே நடை. வகுப்பறைக்கு வடபுறம் இரண்டு ஜன்னல்கள், அதற்கு வடக்கே தூத்துக்குடி சாலை என்று ஆரம்பித்திருந்தான். கூடவே ஒரு வரைபடம். டீச்சர் நாற்காலி எங்கே, பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது எங்கே, எல்லாம் அம்புக்குறி போட்டிருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம் இப்படி எழுதியிருந்தான்:

"ஆசிரியை பாடவில்லை. மாணவ மாணவியர் பாடினார்கள். அது நன்றாக இருந்ததா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆசிரியை அடிக்கடி கையை உயர்த்தி நிறுத்தினார். யார் தப்பு என்று கேட்காமல், எந்த இடத்தில் தப்பு என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லிச் சைகை செய்தார். அவர்களும் கண்டுபிடித்துத் திரும்பப் பாடினார்கள். சாலையில் லாரிகள் போகும்போது எதுவும் காதில் விழவில்லை. அப்போது பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு தொடையில் கையால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி கடந்ததும், ஆசிரியை எந்தச் சைகையும் செய்யாமலே, எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரே சொல்லில் பாட்டைப் பிடித்தார்கள். தற்செயலாக இருக்குமோ என்று மேலும் பல லாரிகள் போகும்வரை காத்திருந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே நடந்தது."

படித்து முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை. சங்கீதம் தெரிந்த ஒருவன் போயிருந்தால் பிள்ளைகளின் ராகத்தைப் பற்றி எழுதியிருப்பான். லாரியைப் பற்றி எழுதியிருக்கமாட்டான். நானே போயிருந்தால் லாரிச் சத்தம் வந்தபோது ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருப்பேன்.

நண்பர் விடுவாரா? அறிக்கையை ஏற்கக்கூடாது, கமிஷனரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கவேண்டும் என்று கேட்டார். அனுமதி கிடைத்தது. அன்று செயலாளரும் வந்திருந்தார். தமயந்தி டீச்சர் பின்னால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழக்கு அன்றோடு முடிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நண்பர் மெதுவாக ஆரம்பித்தார். "கமிஷனர் சார், உங்களுக்குச் சங்கீதம் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எது சரி, எது தப்புன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. அறிக்கையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அப்ப லாரி போன பெறகு எல்லாரும் சரியான இடத்துல பிடிச்சாங்கன்னு எப்படி எழுதினீங்க?"

"சரியான இடம்னு எழுதலைங்க. ஒரே இடம்னுதான் எழுதியிருக்கேன்."

நீதிபதி ஐயா அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நண்பர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தம்பிகளே, குறுக்கு விசாரணையில் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வது சுலபம். நிறுத்தக் கற்றுக்கொள்வதற்குள் தலை நரைத்துவிடும். நண்பருக்குத் தலை நரைத்திருந்தும் அது அன்று கை கொடுக்கவில்லை.

"ஒரே இடம்னு கணக்கு வச்சுப் பாத்தீங்களா?"

"ஆமாங்க. நானும் கையில போட்டுப் பாத்தேன்."

"நீங்களா? உங்களுக்குத்தான் தெரியாதே?"

"அங்கதாங்க கத்துக்கிட்டேன். ஒருத்தர் மட்டும் சும்மா உக்காந்திருந்தா பிள்ளைக கவனம் சிதறும், நீங்களும் போடுங்கன்னு டீச்சர் சைகை காமிச்சாக. ஓரமா உக்காந்து போட்டேன்."

கோர்ட்டில் சலசலப்பு. நண்பருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கமிஷனர் பார்க்கப் போனாரா, படிக்கப் போனாரா என்று நீதிபதியிடம் முறையிட்டார். அதிகாரத்தை மீறிய கமிஷனரின் அறிக்கையைத் தூக்கி எறியவேண்டும் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. சட்டப்படி அது வலுவான ஆட்சேபணை. முத்துப்பாண்டிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. நீதிபதி ஐயா யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் நண்பர் வெற்றிக் களிப்பில் ஒரு படி மேலே போனார்.

"ஒரு மணி நேரத்துல சங்கீதம் கத்துக்கிட்டு வந்திருக்காருங்க ஐயா. எங்க, கத்துக்கிட்டதைப் போட்டுக் காமிங்க பாப்போம்."

முத்துப்பாண்டி நீதிபதியைப் பார்த்தான். அவர் மறுப்புச் சொல்லவில்லை. கூண்டின் கட்டை மேல் வலது கையை வைத்தான். ஒரு தட்டு. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். திரும்ப ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி தட்டு, வீச்சு. ஆதி தாளம். வரப்பு அளந்து காய்ப்பேறிய கை, நிதானமாகப் போட்டது. ஒரு சுற்று முடிந்தது, இரண்டாவது சுற்றும் முடிந்தது. மூன்றாவது சுற்றில் பதற்றம் வந்து, நடு விரலோடு நிறுத்தாமல் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எண்ணிவிட்டான். தாளம் புரண்டுவிட்டது.

எனக்கு எழுந்து நிற்கவேண்டும் போல வந்தது. ஆட்சேபணை சொல்லலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு இந்தத் தவறு இயல்பு என்று விளக்கலாம். தாளத்தின் சரித்திரமே நாக்கு நுனியில் நின்றது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் வாயைத் திறந்தால் இதுவும் என் கச்சேரியாகிவிடும் என்று ஏனோ அந்த நிமிஷம் தோன்றியது. உட்கார்ந்தே இருந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் செய்த ஆகச் சிறந்த வாதம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

கடைசிப் பெஞ்சிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். தமயந்தி டீச்சர் தன்னை மறந்து எழுந்து நின்றிருந்தார். பெஞ்சு முதுகில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். கோர்ட்டு என்பதோ, தான் வழக்குக்காரி என்பதோ அவருக்கு நினைவில்லை. முத்துப்பாண்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை இடது கையால் மடக்கிக் காட்டினார். மறுபடியும் முதலிலிருந்து என்று தலையை அசைத்தார்.

முத்துப்பாண்டி நீதிபதியையும் மறந்துவிட்டான், வக்கீலையும் மறந்துவிட்டான். டீச்சரைப் பார்த்தபடியே திரும்ப ஆரம்பித்தான். தட்டு. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். ஆள்காட்டி விரல் எழும்பப் பார்த்து அடங்கியது. தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, இன்னும் ஒன்று. டீச்சர் போதும் என்று கையைக் காட்டினார். அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தார். பதறிப்போய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நண்பரைப் பார்த்து, "வேற கேள்வி இருக்கா?" என்று கேட்டார். நண்பர் நல்ல வக்கீல், அதைவிட நல்ல மனிதர். "இல்லைங்க ஐயா" என்று உட்கார்ந்துவிட்டார். நீதிபதி ஐயா என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாச்சும் வாதம் சொல்லணுமா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் இல்லை என்று சொன்னது வாழ்நாளில் அன்று ஒரு தடவைதான்.

உத்தரவு டீச்சர் பக்கம் வந்தது. நீக்கியது செல்லாது, அதே பள்ளி, அதே வேலை. செயலாளர் மேல்முறையீடு என்று எங்கும் போகவில்லை. உத்தரவு நகலை வாங்கும்போது என்னிடம், "பெத்தவுகளை நான் பாத்துக்கிருதேன் சார். கிளாஸுக்கு வந்து உக்காந்து பாருங்கன்னு சொல்லிருதேன்" என்றார். எனக்கு நிறைவாக இருந்தது.

டீச்சர் என் ஆபீசுக்கு வந்தார். பந்தல்குடியிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, காதைக் கொடுத்து உட்கார்ந்தேன். நன்றி சொல்லப்போகிறார், அடக்கமாக ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று முகத்தையும் தயார் செய்துகொண்டேன்.

"சார், அந்த முத்துப்பாண்டித் தம்பியை சனிக்கிழமை கிளாஸுக்கு வரச் சொல்லுங்க" என்றார். "அந்த ஆள்காட்டி விரலை இப்பவே திருத்தணும். விட்டா அப்படியே பழகிப்போகும்."